யாழ்ப்பாணத்துப் பழைய கார்களும் பின் சில்லின் ட்ரம்மும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களில் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று அரை நூற்றாண்டைத் தாண்டிய கார்கள் இன்னும் ஓடுகின்றன. வாடகைக்கு ஓடிக் களைத்தவை பல. கலியாண வீடுகளுக்குப் பூமாலையோடு போய்வருபவை சில. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் புதுப் பெயின்ற் அடித்து, வீட்டுக் கொட்டிலில் பத்திரமாக நிற்பவையும் உண்டு. இவற்றுக்குச் செலவழிக்க ஆட்கள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் கராஜ்களில் எழும் கேள்விகளில் ஒன்று, பின் சில்லுகளின் ட்ரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா என்பது. டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர், தாங்கித் தகடு, போல்ற் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் விற்கிறார்கள். உறவினர் ஒருவர் பயணப்பையில் கொண்டுவந்து தந்துவிட்டால் மிச்சம் கராஜ்காரரின் கைவேலைதான். நாலு சில்லுக்கும் டிஸ்க் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமையும் இருக்கிறது. ஆனால் குடாநாட்டில் ஓடும் பழைய காரைப் பொறுத்தவரை இந்த மாற்றம் தேவையற்றது என்பதே என் முடிவு. அளவு பார்க்காமல் செய்தால் ஆபத்தானதும்கூட. அந்தக் கார் நன்றாக நிற்க வேண்டுமானால் கைவைக்க வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. கராஜுக்குள் போகும் கார்கள் பெரும்பாலும் அந்த இடங்களைத் தொடாமலேயே வெளியே வந்துவிடுகின்றன.

இந்தக் கார்கள் ஏன் இங்கே மிஞ்சின என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நாடு முழுவதுமே இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓடியது. 1977க்குப் பிறகு தெற்கில் யப்பானியக் கார்கள் நிறைந்தன. குடாநாட்டில் அந்த மாற்றம் முழுமையடைய முன்பே போர் வந்துவிட்டது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமற் போக, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடிக் கிடந்த ஆண்டுகளில் கார் வெளியே போகவும் வழியில்லை, உதிரிப்பாகம் உள்ளே வரவும் வழியில்லை. 2002இல் பாதை திறந்து 2006இல் மறுபடி மூடப்பட்டது. போர் முடிந்து சாதாரண வாழ்க்கை திரும்பிய பிறகும் 2020 தொடக்கம் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. இத்தனையையும் கடந்து ஒரு ஒஸ்ரினோ மொறிஸோ உயிரோடிருக்கிறதென்றால், கடைச்சல் இயந்திரமும் வெல்டிங் கம்பியும் பொறுமையும் உள்ள ஒருவரால் அதன் ஒவ்வொரு பாகத்தையும் திருத்த முடிந்ததுதான் காரணம். பின் சில்லின் ட்ரம் அந்த வகைப் பாகம். ட்ரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூ தேய்ந்தால் அதற்குப் புதிய லைனிங் ஒட்டலாம், அல்லது செப்பு ஆணி அடித்துப் பொருத்தலாம். வரி விழுந்த ட்ரம்மைக் கடையலாம். குழி விழுந்த சில்லுச் சிலிண்டருக்குள் பித்தளைக் குழாய் இறக்கலாம். ஒரு பொருளைக் கழற்றி எறிய முன் அது எதைத் தாங்கி வந்தது என்று பார்ப்பது நியாயம்.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்து, 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான கார் அது. நாலு சில்லிலும் ஏழு அங்குல ட்ரம். 1962இல் 1098 சி.சி. இயந்திரம் வந்தபோது முன் ட்ரம்மை எட்டு அங்குலமாக்கினார்கள். பின்னால் அதே ஏழு அங்குலம்தான் தொடர்ந்தது. வேகம் கூடியபோது தயாரிப்பாளர் எந்தப் பக்கத்தைப் பெருப்பித்தார் என்பதைக் கவனித்தாலே விடையின் பாதி தெரிந்துவிடும். முன் சில்லில் இரண்டு சிலிண்டர், இரண்டு ஷூவும் சில்லு சுழலும் திசையோடு சேர்ந்து ட்ரம்மைப் பற்றுபவை. சில்லின் சுழற்சியே ஷூவை மேலும் இறுக்கும். பின்னால் ஒரு சிலிண்டர்தான். ஒரு ஷூ சுழற்சியோடு சேர்ந்து இறுகும், மற்றது சுழற்சிக்கு எதிராக நின்று மெல்லப் பிடிக்கும். முன்னே பலமாகவும் பின்னே அளவாகவும் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தே இப்படி அமைத்தார்கள். ஒஸ்ரின் ஏ-40 டெவன், ஏ-30, ஏ-35 ஆகியவற்றில் பின் சில்லின் பிரேக் கம்பிகளாலும் நெம்புகோல்களாலும் இயங்கியது. முன்னுக்கு மட்டுமே சில்லுவரை ஒயில் போனது. அந்தக் கார்களில் பின்னால் டிஸ்க் போடுவதென்றால் பிரேக்கோடு சேர்த்து அந்தக் கம்பி ஏற்பாடு முழுவதையும் அறுத்தெறிய வேண்டிவரும்.

டிஸ்க் பிரேக் ஒன்றும் புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்ரர் 1902லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். அது பெயர் எடுத்தது அரை நூற்றாண்டு கழித்து, கார்ப் பந்தயத்தில். ஜகுவார் சி-ரைப் கார் டிஸ்க் பிரேக்கோடு 1952இல் பிரான்சின் றான்ஸ் பந்தயத்தையும் 1953இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தையும் வென்றது. ஒரு வாகனத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்தும்போது பிறக்கும் சூடு, 60 கி.மீ. வேகத்தில் வரும் அதே காரை நிறுத்தும்போது பிறப்பதைப் போலப் பதினாறு மடங்கு. லு மானில் அப்படி ஒவ்வொரு சுற்றிலும், இரவும் பகலும் நிறுத்த வேண்டியிருந்தது. ட்ரம் மூடிய பெட்டி. சூடு உள்ளேயே தங்கும், ட்ரம் விரியும், லைனிங் பிடியை இழக்கும். டிஸ்க் காற்றில் திறந்து சுழல்வதால் சூட்டை விரைவாக விட்டுவிடும். டிஸ்க்கின் முதல் நியாயம் இந்தச் சூடுதான். பந்தயத் திடலை விட்டுச் சாதாரணத் தெருவுக்கு வந்தபோது அது எங்கே பொருத்தப்பட்டது என்று பாருங்கள். 1955இன் சித்ரோவென் டி.எஸ். காரில் முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். 1956இன் ட்றயம்ப் டி.ஆர்.-3இலும் அப்படியே.

இசிகோனிஸின் மற்றக் குழந்தையான மினியின் கதை இன்னும் தெளிவானது. 1959இல் நாலு ட்ரம்மோடு வந்தது. 1961இல் வேகமான கூப்பர் வகைக்கு முன் டிஸ்க் கிடைத்தது. 1984இல் எல்லா மினிக்கும் முன் டிஸ்க் வந்தது. 2000ஆம் ஆண்டில் கடைசி மினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோதும் பின்னால் ட்ரம்தான். அந்த ட்ரம்மும் அளவுக்கு மீறிப் பிடித்துவிடக் கூடாதென்று பின் சில்லுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றையும் வைத்திருந்தார்கள். மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரின் கதையும் இதேபோன்றது. பலம் கூடிய இயந்திரம் வந்தபோது முன்னுக்கு டிஸ்க் கொடுத்தார்கள், பின்னுக்கு ட்ரம்மை விட்டுவைத்தார்கள். குடாநாட்டில் இன்று ஓடும் சிறிய சுசுக்கி கார்களின் பின் சில்லைக் குனிந்து பார்த்தாலும் ட்ரம்தான் தெரியும். வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் ஐ.டி.-3 மின்சாரக் காருக்கும் பின்னால் ட்ரம்மே பொருத்தியது. மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டரே செய்துவிடுவதால் பின் பிரேக் அபூர்வமாகவே வேலை செய்யும். அப்படி வேலையில்லாத டிஸ்க்கில் துரு ஏறிவிடும். இந்தத் துரு விஷயத்துக்குக் கொஞ்சம் பின்னர் திரும்ப வேண்டியிருக்கிறது.

பின் பிரேக்குக்கு உண்மையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது கார் முன்னுக்குக் குனிவதை எல்லோரும் அறிவோம். பின் சில்லின் மேலிருந்த பாரத்தில் ஒரு பகுதி முன் சில்லுக்கு மாறுவதே அந்தக் குனிவு. மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 218 சென்ரிமீற்றர். காரின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாக வைப்போம். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ, நிற்கும்போது பாதிப் பாரம் முன்னே, பாதி பின்னே. உலர்ந்த தார் றோட்டில் நல்ல அழுத்தமாக, புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கு அளவுக்குப் பிடித்தால் ஏறத்தாழ 175 கிலோ பாரம் முன்னுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் முன் சில்லுகளில் 675 கிலோவும் பின் சில்லுகளில் 325 கிலோவும் இருக்கும். ரயர் தன் மேலிருக்கும் பாரத்துக்கு ஏற்பவே தெருவைப் பற்றும் என்பதால், பின் பிரேக் எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்ய முடியாது. இதுவும் பின் ஆசனம் நிறைய ஆட்கள் இருக்கும் நிலை. ஓட்டுநர் மட்டும் போகும் காரில் அது கால்பங்குக்கு இறங்கிவிடும்.

அந்த மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு சூட்டைக் கொடுக்கும்? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் 1000 கிலோ கார் நிற்கும்போது சுமார் 139 கிலோயூல் ஆற்றல் சூடாக மாறும். பின் பக்கத்தின் பங்கு 46, ஒவ்வொரு ட்ரம்முக்கும் 23. வார்ப்பிரும்பு ட்ரம் ஒன்றின் நிறை மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நிறுத்தலில் அது ஏறக்குறைய பதினேழு பாகை சூடேறும். யாழ்ப்பாண வெயிலில் நிறுத்திவைத்த காரின் கூரை அதைவிட அதிகம் சூடேறியிருக்கும். அடுத்த சந்திக்குப் போகுமுன் அந்தச் சூட்டில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். குடாநாடு சுண்ணாம்புக்கல் படுகை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரம்தான் அதன் மேடுகள். காங்கேசன்துறை வீதியிலும் பலாலி வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் கீழ்நோக்கி நெடுநேரம் பிரேக் பிடித்துக்கொண்டே போக வேண்டிய இறக்கம் ஒன்றுகூடக் கிடையாது. மலைநாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் கார் ஏறத்தாழ 1400 மீற்றர் கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் 1000 கிலோ கார் இழக்கும் ஆற்றல், 60 கி.மீ. வேகத்திலிருந்து நூறு தடவை நிறுத்துவதற்குச் சமம். இயந்திரத்தைச் சிறிய கியரில் போட்டுப் பாதியைத் தாங்க வைத்தாலும் மிச்சம் பிரேக்குக்குத்தான். அங்கே ட்ரம் மணக்கத் தொடங்கும், மிதி பஞ்சு போலாகும். மலைநாட்டில் நாளாந்தம் ஓடும் காரின் சொந்தக்காரர் டிஸ்க் கேட்டால் நான் மறுக்கமாட்டேன். அவருக்கும் முன் டிஸ்க்தான் முதல் மருந்து.

தேவையில்லாவிட்டாலும் போட்டுவைப்பதில் நட்டம் என்ன என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது, அதுவும் உயிர் நட்டம். பிரேக் பிடிக்கும்போது முன் சில்லுகள் முதலில் இறுகிச் சறுக்கினால் கார் திரும்பாது, ஆனால் நேராகவே போகும். காலை எடுத்தால் மறுபடி ஸ்ரேரிங் கேட்கும். பின் சில்லுகள் முதலில் இறுகினால் காரின் வால் பக்கவாட்டில் வீசும். கண்மூடித் திறப்பதற்குள் கார் குறுக்காகவோ வந்த பக்கத்தைப் பார்த்தோ நிற்கும். இதனால்தான் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த பிரேக் விதிகள், கார்களில் பின் அச்சு முன் அச்சை முந்திக்கொண்டு இறுகக்கூடாதென்று கேட்கின்றன. பழைய காரில் இந்த வரிசையைக் காப்பாற்றுவது சிலிண்டர்களின் விட்டமும் ட்ரம்மின் அளவும் ஷூக்களின் அமைப்பும் மட்டுமே. கம்பியூட்டரோ ஏ.பி.எஸ். வசதியோ அங்கே காவலுக்கு இல்லை. அந்தச் சமநிலையில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். டிஸ்க்குக்குத் தானாக இறுகும் குணம் கிடையாது. ஒரே தள்ளு விசைக்கு, பின் ட்ரம் கொடுக்கும் பிடியில் மூன்றில் ஒரு பங்கையே டிஸ்க் கொடுக்கும். அதை ஈடுசெய்யக் கலிப்பரின் பிஸ்ரன் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிதென்பதுதான் சிக்கல். கொஞ்சம் சிறிதானால் பின் பிரேக் பெயருக்கு மட்டும் இருக்கும், கார் முன்னைவிடத் தூரத்தில் நிற்கும். கொஞ்சம் பெரிதானால் மழைத் தெருவில் வால் வீசும். யப்பானியக் காரிலிருந்து கழற்றிய கலிப்பரின் பிஸ்ரன், கனம் கூடிய அந்தக் காருக்கும், மிதிக்கும் காலுக்கு உதவும் அதன் பூஸ்ரருக்கும் அளந்து செய்யப்பட்டது. 750 கிலோ மைனரின் மெல்லிய ரயருக்கு அது தற்செயலாகப் பொருந்தினால்தான் உண்டு. எல்லாம் மிகச் சரியாக அமைந்தால் கிடைக்கும் பலன், பழைய ட்ரம் கொடுத்த அதே பிடி. இதைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறோம்.

ஒயில் பக்கத்திலும் தொல்லைகள் உண்டு. பெரிய பிஸ்ரனை நகர்த்த ஒயில் அதிகம் வேண்டும். மிதியை அழுத்தும்போது ஒயிலைத் தள்ளும் பழைய மாஸ்ரர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாது, மிதி கீழே போகும். ட்ரம் பிரேக்குக்கான மாஸ்ரர் சிலிண்டரில், குழாய்க்குள் எப்போதும் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று உண்டு. ட்ரம்மில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க வில்லுகள் இருப்பதால் அந்த அழுத்தம் தீங்கு செய்யாது. டிஸ்க்கில் வில்லு இல்லை. வால்வை எடுக்காவிட்டால் கலிப்பருக்குள் இருக்கும் பாட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், பெற்றோல் தின்னும். அடுத்தது ஹான்ட்பிரேக். ட்ரம்மில் ஒரு கேபிளும் ஒரு நெம்புகோலும் போதும். அதே ஷூக்கள் காரை நிறுத்திவைக்கும். டிஸ்க்கில் அதற்கென்று தனிப் பொறியுள்ள கலிப்பர் வேண்டும், அல்லது டிஸ்க்கின் நடுவே சிறிய ட்ரம் ஒன்று வேண்டும். மலிவாகச் செய்யப்பட்ட மாற்றங்களில் முதலில் கெட்டுப்போவது ஹான்ட்பிரேக்தான். கால் பிரேக் கைவிட்டால் பிடிக்கக் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான் என்ற நிலையில் உள்ள காருக்கு இதைச் சிறிய குறையென்று தள்ளிவிட முடியாது.

இப்போது துரு. குடாநாட்டில் எந்த ஊரும் கடலிலிருந்தோ கடல்நீரேரியிலிருந்தோ தூரமில்லை. பண்ணைப் பாலத்திலும் காரைநகர்த் தாம்போதியிலும் காற்றோடு உப்பும் வந்து படியும். பல கிணறுகளில் தண்ணீரே உவர். அந்தத் தண்ணீரில்தான் காரும் கழுவப்படுகிறது. வெளியே திறந்திருக்கும் கலிப்பர் வழுக்கி நகர்வதற்கு இரண்டு ஊசிகள் உண்டு. அவற்றில் துரு ஏறினால் ஒரு பக்கப் பாட் மட்டும் தேயும், மற்றது சும்மா நிற்கும். நாள்தோறும் ஓடும் காரில் உராய்வே துருவைச் சுரண்டி எடுத்துவிடும். இங்கே இந்தக் கார்கள் வாரத்தில் ஒருநாள் கோயிலுக்கும், மாதத்தில் ஒருநாள் கலியாணத்துக்கும் போகின்றன. அதிலும் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. மின்சாரக் காருக்கு ட்ரம் வைக்கச் சொன்ன அதே காரணம், கொட்டிலில் நிற்கும் கேம்பிரிட்ஜுக்கும் பொருந்துவது வியப்பாக இருந்தாலும் உண்மை.

எதிர்த்துச் சொல்லப்படும் நியாயங்களில் மிகப் பலமானது மழை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் வெள்ளம் குடாநாட்டுக்குப் புதிதல்ல. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது தெருக்கள் குளமாயின. வெள்ளத்துக்குள் இறங்கிய ட்ரம்முக்குள் தண்ணீர் போய்விட்டால் அது எளிதில் வெளியேறாது. ஷூ வழுக்கும், சில நேரம் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் கார் இழுக்கும். டிஸ்க்கோ ஓரிரு சுற்றிலேயே தண்ணீரை வழித்து எறிந்துவிடும். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டேன். ஆனால் இந்த நன்மையில் பெரும்பங்கை முன் டிஸ்க்கே தந்துவிடுகிறது, ஏனென்றால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்னால்தான் நடக்கிறது. பின் ட்ரம்மைப் பொறுத்தவரை, வெள்ளத்தைத் தாண்டியதும் மெதுவாக ஓடியபடி இடது காலால் மிதியை இலேசாக அழுத்திச் சிறிது தூரம் போனால் லைனிங் காய்ந்துவிடும். பழைய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது. இன்றைக்குக் காரை வைத்திருக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ட்ரம்மை அடிக்கடி நெருக்க வேண்டியிருக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, எவ்வளவு செய்தாலும் சரிவருவதில்லை என்பது அடுத்த முறைப்பாடு. நெருக்க வேண்டியிருப்பது உண்மை. மைனரில் ட்ரம்மின் துளை வழியாக ஸ்குறூட்றைவரை விட்டுத் திருப்ப வேண்டும். கேர்லிங் பிரேக் உள்ள ஒஸ்ரின்களில் பின் தகட்டில் துருத்தி நிற்கும் சதுரத் தலையைச் சாவியால் திருப்ப வேண்டும். அரை மணி வேலை. சரிவருவதில்லை என்பதற்குக் காரணத்தை ட்ரம்மைக் கழற்றினால் பெரும்பாலும் கண்ணால் காணலாம். பின் அச்சின் ஒயில் சீல் தேய்ந்து, கியர் ஒயில் கசிந்து லைனிங்கில் ஊறியிருக்கும். ஊறிய லைனிங்கை நெருப்பில் சுட்டோ பெற்றோலில் கழுவியோ திரும்பப் போடுவது பயனற்ற வேலை. அதை மாற்றவே வேண்டும், சீலையும் மாற்ற வேண்டும், அச்சின் மேல் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் டிஸ்க் பொருத்தினால் அதே ஒயில் டிஸ்க்கின் மேல் தெறிக்கும். இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. ட்ரம்முக்குள் சேர்ந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊதுவது பல கராஜ்களில் வழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்துக் கொல்லக்கூடியது. பக்கத்தில் நின்று வேலை பழகும் பையன்தான் அதை அதிகம் சுவாசிக்கிறான். ஈரத் துணியால் துடைத்தெடுத்துப் பொதி கட்டிப் போட்டால் ஒரு செலவும் இல்லை.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? முதலாவது, மாஸ்ரர் சிலிண்டர். கம்பியால் இயங்கும் பின் பிரேக் உள்ளவற்றைத் தவிர, இந்தக் கார்கள் எல்லாவற்றிலும் நாலு சில்லுக்குமாக ஒரே ஒயில் சுற்றுத்தான். நாலு சில்லில் எங்காவது ஒரு ரப்பர் கிழிந்தாலும், ஒரு குழாய் வெடித்தாலும், மிதி தரையில் முட்டும், காரில் கால் பிரேக்கே இருக்காது. அமெரிக்காவில் 1968 தொடக்கம் புதிய கார்களில் ஒயில் சுற்றை இரண்டாகப் பிரிப்பது கட்டாயமானது. நம் கார்கள் பெரும்பாலும் அதற்கு முந்திய பிறவிகள். மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே சட்டகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் ஒயிலின் மட்டம் தெரியும், ஆகவே ஆண்டுக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. சுற்றை இரண்டாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்ரர் சிலிண்டரைப் பொருத்தி, ஒயில் கிண்ணத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி பொனற்றுக்குக் கீழே கொண்டுவருவதுதான் இந்தக் கார்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். கூடவே, உப்பு அரித்த இரும்புக் குழாய்களைச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்களாக மாற்ற வேண்டும். ரப்பர் குழாய்கள் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைபட்டிருக்கும், அவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட்-3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் கீழே கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கொரு தடவை முழுவதையும் இறக்கி மாற்றுவது போதும்.

இதற்குப் பிறகும் பணம் இருந்தால் முன் சில்லுக்கு டிஸ்க் போடலாம். அதிலும் ஒன்றைத் தெரிந்து செய்ய வேண்டும். முன்னாலுள்ள இரட்டை ஷூ ட்ரம் தானாக இறுகும் குணத்தால் மிதிக்கும் காலுக்கு நிறைய உதவி செய்து வந்தது. டிஸ்க்கில் அந்த உதவி போய்விடும். கால் கனக்கும், பூஸ்ரர் தேவைப்படும். பூஸ்ரர் இயந்திரம் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்வது. பிஸ்ரன் வளையம் தேய்ந்த இயந்திரம் போதிய வெற்றிடம் கொடுக்காது, டீசல் இயந்திரம் மாற்றிய காருக்குத் தனியாக ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். இவை எல்லாவற்றையும்விட மலிவான மருந்து ரயர். பத்துப் பதினைந்து ஆண்டு பழைய, கல்லாய் இறுகிய ரயரில் எந்தப் பிரேக் போட்டும் பயனில்லை. தெருவோடு ஒட்டுவது ரயர் மட்டும்தான்.

ஏ-9 இப்போது காப்பெற் றோட், கார்கள் வேகமாகப் போகின்றன, ஆனையிறவையும் கிளிநொச்சியையும் தாண்டும் நேரான நீட்டில் பழைய காரும் 80ஐத் தொடுகிறது, அப்போது பின் டிஸ்க் வேண்டாமா என்ற கேள்வி வரும். வேகம் கூடியது மெய். 60இலிருந்து 80க்குப் போனால் ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்காகும். ஆனால் வேகம் கூடக்கூடப் பிரேக் பலமாகப் பிடிக்க வேண்டிவரும், பாரம் இன்னும் முன்னுக்குப் போகும், பின் சில்லு இன்னும் இலேசாகும். அந்தக் கேள்வியின் விடையும் முன் சில்லையே காட்டுகிறது. சட்டம் இதைக் கவனித்துக்கொள்ளும் என்றும் நம்பியிருக்க முடியாது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது தனியார் காரின் புகையைத்தான் சோதிக்கிறார்கள், பிரேக்கை எவரும் அளப்பதில்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் சொந்தக்காரருக்கும் கராஜ்காரருக்கும்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மைனரின் இயந்திரத்தை எடுத்துவிட்டு யப்பானிய இயந்திரமும், அதே காரின் பின் அச்சும், அதன் பிரேக்கும், மாஸ்ரர் சிலிண்டரும் முழுத் தொகுதியாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார் இப்போது வேறொரு கார், அதன் கணக்கும் வேறு. அப்படிச் செய்தவர்கள் பின் சில்லுக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வால்வு ஒன்றைச் சேர்த்தே பொருத்தியிருக்க வேண்டும். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம், செய்யும் மாற்றத்தைப் பின்னர் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய்யுமாறு கேட்கிறது. கழற்றிய ட்ரம்மையும் பின் தகட்டையும் கிறீஸ் பூசிச் சாக்கில் கட்டி வைப்பதற்கு அதுவே போதிய காரணம். பின் டிஸ்க் ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வாகனப் போக்குவரத்தே இல்லாத, இரு பக்கமும் மரமோ மதிலோ இல்லாத நேரான தெரு ஒன்றில், மழை பெய்து ஓய்ந்த காலையில், காரில் ஓட்டுநர் மட்டும் இருக்க, வெளியே ஒருவர் தள்ளி நின்று பார்க்க, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுவதுமாக மிதிக்க வேண்டும். முன் சில்லு முதலில் இறுகினால் சரி. பின் சில்லு முதலில் இறுகினால், அந்தக் கார், பின் சில்லின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைத் திருத்திக்கொண்டு மறுபடி அதே தெருவுக்கு வரும்வரை கலியாணத்துக்குப் போகக்கூடாது.